'ஆல்ரெடி'யும் 'ரோய்'யும்: வியட்நாமில் எங்கள் அனுபவங்கள்

ஹோசிமின் நகரில் ஆங்கிலம் கற்பிப்பவர்:

தமிழில் பேசும்போதே நாளுக்கு இருபது முறை 'ஆல்ரெடி' சொல்பவர்கள் நாம் என்பதால், அந்த வினையடையை நடத்த ஒரு மணி நேரமே தாராளம் என்று எண்ணித்தான் மாலை வகுப்புக்குள் நுழைந்தேன். பலகையில் 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்' என்று எழுதி மொழிபெயர்க்கச் சொன்னேன். 'தோய் அன் ரோய்' என்றார்கள். நான், உண், ரோய் என்று மூன்றே சொற்கள். அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதச் சொன்னபோது, பாதிப் பேர் 'ஐ ஈட் ஆல்ரெடி' என்று எழுதியிருந்தார்கள். வியட்நாமிய வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. வினைக்கு முன் 'டா' வரலாம் என்றாலும், பேச்சில் பெரும்பாலும் வாக்கியக் கடைசியில் நிற்கும் 'ரோய்' ஒன்றே முடிந்த செயலைக் காட்டிவிடுகிறது.

'ரோய்' என்றால் 'ஏற்கெனவே' என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். வகுப்பு நேரம் கடந்ததும் ஒரு மாணவி கடிகாரத்தைக் காட்டி 'ட்ரே ரோய்' என்று சொன்னபோதுதான் அந்தப் பொருள் பொருந்தவில்லை என்பது உறைத்தது. அவர் சொன்னது 'ஏற்கெனவே தாமதம்' அன்று, 'நேரமாச்சு' என்பதே. 'அன் ரோய்' என்பதும் நம் 'சாப்பிட்டாச்சு'தான். குறிப்பேட்டில் 'ஏற்கெனவே'யை அடித்துவிட்டு 'ஆச்சு' என்று எழுதிக்கொண்டேன்.

இதற்கு இணையான 'சுவா' எனக்கு இன்னும் கடினமாக இருந்தது. ஆங்கிலத்தின் 'யெட்', 'நாட் யெட்' இரண்டுக்கும் அதுவே பயன்படும். என்னைப் பிள்ளை என்ற பொருளில் 'கொன்' என்று அழைக்கும் வீட்டுக்கார அம்மா, தினமும் மாடிப்படியில் 'அன் கம் சுவா?' என்று கேட்பார்; சோறு சாப்பிட்டாச்சா என்று பொருள். நானும் அதையே அவரிடம் திருப்பிக் கேட்டபோது சிரித்துவிட்டார். அதில் வரும் உகரத்தை உதடு குவித்துச் சொன்னால் 'புளிப்பு' என்று பொருள்படும் வேறொரு சொல்லாகிவிடுமாம்; நான் புளித்த சோற்றைப் பற்றிப் பேசியிருக்கிறேன். (பழைய சோற்றில் வளர்ந்தவனுக்கு அது குற்றமாகவும் படவில்லை.) 'அச்சு' என்பதன் இறுதியில் உதடு குவியாமல் ஒலிக்கும் குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டு சொன்ன பிறகே சரியாக வந்தது.

மனைவி உண்டா என்று 'சுவா' போட்டு அவர் கேட்ட நாளில், 'இல்லை' என்று பொருள்படும் 'கோங்' என்று பதில் சொல்லிவிட்டேன். வாழ்நாள் முழுவதும் தனியாகவே இருக்கப் போகிறேன் என்று எண்ணி அவர் முகம் வாடிவிட்டது. அங்கே 'சுவா', அதாவது 'இன்னும் ஆகவில்லை' என்பதே முறையான விடை.

ஹைபோங்கில் தொழிற்சாலைப் பணியில் இருந்தவர்:

எனக்கு இந்த 'ஆல்ரெடி'யால் ஒரு மனவருத்தமே வந்தது. நான் வாங்கிக் கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகாத பம்ப் ஒன்றைப் பற்றி, 'தி பம்ப் இஸ் புரோக்கன் ஆல்ரெடி' என்று உள்ளூர்ப் பொறியாளர் மின்னஞ்சல் அனுப்பினார். 'அதற்குள் கெட்டுவிட்டதே' என்று என் தேர்வைக் குத்திக்காட்டுவதாக எடுத்துக்கொண்டு, நானும் காரமாகப் பதில் எழுதிவிட்டேன். அவர் மனத்தில் இருந்த வாக்கியம் 'ஹொங் ஸோய்' என்பதாகும் (வடக்கே 'ரோய்' இப்படித்தான் ஒலிக்கும்). 'பழுதாகிவிட்டது' என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. மறுநாள் அவரே தேநீர் வாங்கிக் கொடுத்து விளக்கியபோது, என் பதிலை நினைத்து வெட்கப்பட்டேன்.

டா நாங் சென்று வந்த பயணி:

வாடகை மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தேன். ஓட்டுநர் திடீரென்று வண்டியை ஓரங்கட்டி 'செட் ரோய்!' என்று கத்தினார். மொழிபெயர்ப்புச் செயலியை நீட்டியதும் அது நிதானமாக 'ஆல்ரெடி டெட்' என்று படித்தது. யார் மீதோ மோதிவிட்டோம் என்று நடுங்கிப்போய்ச் சாலையைத் திரும்பிப் பார்த்தேன். அவரோ சட்டைப்பையையும் கால்சட்டைப் பையையும் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தார். 'செத்தேன், பர்ஸை மறந்துவிட்டேன்' என்பதுதான் விஷயம்.