எச்.ஐ.வி. உள்ள அம்மாவுக்கு பி.எச்.சி.யிலேயே பிரசவம் பார்க்கலாமா? ஆயாகிட்ட என்ன சொல்றது?

மலையடிவார நர்ஸ்:

வணக்கம். ஜவ்வாது மலை அடிவாரத்துல ஒரு பி.எச்.சி.ல (ஆரம்ப சுகாதார நிலையம்) ஸ்டாஃப் நர்ஸ். ஒப்பந்தப் பணி, நாலாவது வருஷம். மாசம் பத்துப் பன்னெண்டு பிரசவம் வரும். நைட் டியூட்டின்னா நானும் ஒரு ஆயாவும்தான். டாக்டர் போன்ல இருப்பார், கூப்பிட்டா வருவார்.

இப்ப ஒரு அம்மா, ரெண்டாவது கர்ப்பம், 33 வாரம். முதல் கர்ப்பத்துல ரத்தம் டெஸ்ட் பண்ணப்பதான் எச்.ஐ.வி. இருக்கறது தெரிஞ்சிருக்கு. அதுலேருந்து எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்துற ஏ.ஆர்.டி. மாத்திரை விடாம சாப்பிடுறா. வீட்டுக்காரரும் சாப்பிடுறார். மூத்த குழந்தைக்கு 18 மாசத்துல பார்த்ததுல நெகட்டிவ். மாமியாருக்கு எதுவும் தெரியாது. பக்கத்து ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போனா ஊர்க்காரங்க கண்ணுல படுவோம்னு ரெண்டு பஸ் மாறி வேற மாவட்டத்துல போய் மாத்திரை வாங்குறா. அந்த பஸ்ஸையும் ஊர் ஸ்டாப்புல பிடிக்க மாட்டா. ஏரிக்கரை தாண்டி நின்னு ஏறுவா.

முதல் பிரசவம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில. கேஸ் ஷீட்ல சிவப்பு மையில பெருசா எழுதி, கட்டில் கால்மாட்டுல தொங்க விட்டிருக்காங்க. வார்டுல பாதிப் பேர் படிச்சிருக்காங்க. மாமியாருக்குப் படிக்கத் தெரியாது, அதனால தப்பிச்சா. "சிஸ்டர், அங்க மட்டும் அனுப்பிடாதீங்க, நீங்களே பார்த்துடுங்க"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா.

என் கூட வேலை பார்க்கிற சிஸ்டர், "அவ வலி வந்து வந்தா நான் லீவு"ன்னு சொல்லிட்டாங்க. நானும் வீரம் பேசல. ரெண்டு மாசம் முன்னாடி தையல் போடும்போது ஊசி குத்திடுச்சு. அந்த அம்மாவுக்கு எல்லாம் நெகட்டிவ்தான், இருந்தும் ரெண்டு ராத்திரி தூங்கல. வீட்ல சொல்லல.

கேட்க வேண்டியது இதுதான். இங்கேயே பார்க்கலாமா? ராத்திரி ரெண்டு மணிக்கு ஊசி குத்தினா என்ன செய்யணும்? ஆயா அதே ஊர்க்காரங்க. அவங்களுக்கு விஷயம் தெரியாது. சொல்லாம அவங்களை ரத்தம் துடைக்க விடறது பாவமா? சொன்னா பொழுது விடியறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்.

---

பழைய லேபர் வார்டு சிஸ்டர்:

கண்ணு, நான் போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். 1986ல சென்னையில முதன்முதலா எச்.ஐ.வி. கண்டுபிடிச்சாங்களே, அப்போ நான் டிரெய்னிங்ல இருந்தேன். தொண்ணூறுகள்ல நாங்க பண்ண கூத்தைச் சொன்னா நீ சிரிப்ப. ஒரு அம்மா படுத்த மெத்தையைக் கொல்லைப்பக்கம் கொண்டு போய் எரிச்சோம். கிளவுஸை மூணு அடுக்குப் போட்டு, விரல் மடங்காம குழந்தையை வழுக்க விடப் பார்த்தேன். ஒருத்தரும் எங்களுக்கு ஒழுங்கா சொல்லிக் கொடுக்கல.

ஆயா கேள்விக்கு என் பதில்: சொல்லாதே. அவங்க பாவம்கறது நிஜம், அதனால இந்த ஒரு பிரசவத்துக்குன்னு இல்லாம இன்னிக்கு ராத்திரியிலேருந்து எல்லாப் பிரசவத்துக்கும் அவங்களுக்கு நீள கிளவுஸ், பிளாஸ்டிக் ஏப்ரன், மூடின செருப்பு கொடு. கொட்டின ரத்தத்து மேல துணியைப் போட்டு, ஹைப்போகுளோரைட் (பிளீச்சிங்) கரைசல் ஊத்திப் பத்து நிமிஷம் விட்டுத் துடைக்கச் சொல்லு. இத்தனை வருஷத்துல யார் ரத்தத்தையெல்லாம் அவங்க வெறுங்கையால துடைச்சிருப்பாங்கன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரிப்போர்ட் இல்லாம நடுராத்திரி வலியோட வந்து இறங்குறவளுக்கு நான் பயந்த அளவுக்கு மாத்திரை சாப்பிடறவளுக்கு என்னிக்கும் பயந்ததில்லை.

கைவேலை. தண்ணிக்குடத்தை நீயா உடைக்காதே. அவசியம் இல்லாம எபிசியாட்டமி (பிறப்புவழியை வெட்டி அகலப்படுத்துறது) வேண்டாம், அடிக்கடி உள்பரிசோதனையும் வேண்டாம். கொடியை வெட்டும்போது மேல காஸ் வச்சு வெட்டு, இல்லேன்னா கண்ணுல பீய்ச்சும். தையல் போடும்போது ஊசி முனையை விரலால தேடாதே, ஃபோர்செப்ஸால பிடி. உனக்கு ரெண்டு மாசம் முன்னாடி குத்தினது அப்படித்தான் இருக்கும். ஊசிக்குத் திரும்ப மூடி போடாதே.

---

நம்பிக்கை மையம் கவுன்சிலர்:

சிஸ்டர், நான் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையத்துல கவுன்சிலர். ஊசி குத்தினா சோப்பும் ஓடுற தண்ணியும் போதும். பிதுக்கக் கூடாது, வாயில வைக்கக் கூடாது, டெட்டால், ஸ்பிரிட் எதுவும் ஊத்தக் கூடாது. கண்ணுல தெறிச்சா வெறும் தண்ணி. அப்புறம் பி.இ.பி., அதாவது ரத்தம் பட்ட பிறகு தொற்று வராம தடுக்கிற மாத்திரை. ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது, 72 மணி நேரம் தாண்டினா பிரயோஜனம் இல்ல. 28 நாள் விடாம சாப்பிடணும். உங்க ஊர்லேருந்து தாலுகா ஆஸ்பத்திரிக்கு ராத்திரியில ரெண்டு மணி நேரத்துல போயிட முடியுமான்னு யோசிங்க. முடியாதுன்னா முதல் சில நாளுக்கான மாத்திரையை உங்க எமர்ஜென்சி டிரேயிலேயே வைக்கச் சொல்லி டாக்டர் மூலமா எழுத்துல கேளுங்க. 2017 எச்.ஐ.வி. சட்டம் பாதுகாப்பான வேலையிடம்னு சொல்றதுல இந்த மாத்திரையும் வருது. சலுகை கேட்கிற மாதிரி கேட்காதீங்க.

பயத்துக்கு ஒரு கணக்கு: எச்.ஐ.வி. உள்ளவங்க ரத்தம் பட்ட ஊசி குத்தினா தொற்று வர வாய்ப்பு ஆயிரத்துல மூணு. அது மாத்திரை சாப்பிடாதவங்களையும் சேர்த்துச் சொன்னது. ஹெபடைடிஸ் பி அதைவிடப் பல மடங்கு. நீங்களும் ஆயாவும் அதுக்குத் தடுப்பூசி மூணு டோஸ் போட்டிருக்கீங்களா?

சிவப்பு மை விஷயம். சிகிச்சை பார்க்கிறவங்களுக்கு, தேவைப்படுற அளவுக்குச் சொல்லத்தான் சட்டத்துல இடம் இருக்கு. கட்டில்ல தொங்க விட இல்ல.

எனக்கு வேற ஒரு சந்தேகம். அவங்க மாத்திரையை எப்போ, எதோட சாப்பிடறாங்க? மாமியாருக்குத் தெரியாம சாப்பிடறாங்கன்னா எங்க ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு கேளுங்க.

---

மலையடிவார நர்ஸ்:

கேட்டேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் கொடுத்த இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைப் பையிலேயே அதையும் போட்டு வச்சிருக்கா. "சத்து மாத்திரை"ன்னு மாமியார்கிட்ட சொல்லிட்டு, விடியக்காலை எல்லாரும் எழறதுக்கு முன்னாடி மூணையும் வெறும் வயித்துல ஒரே முழுங்கு. நாலு மாசமா!

---

நம்பிக்கை மையம் கவுன்சிலர்:

நினைச்சேன். அவங்க சாப்பிடற டி.எல்.டி.ங்கற ஏ.ஆர்.டி. கூட்டு மாத்திரையில இருக்கிற டோலுடெக்ராவிர் மருந்து, வெறும் வயித்துல இரும்பு, கால்சியத்தோட போனா உடம்புல சரியா சேராது. சத்து மாத்திரைக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியோ ஆறு மணி நேரம் கழிச்சோ சாப்பிடணும். விடியக்காலை அதை மட்டும் போட்டுக்கட்டும், மத்தது ரெண்டும் மத்தியானம், ராத்திரின்னு தனித்தனியா, சாப்பாட்டுக்கு அப்புறம். பை அதே பையா இருக்கட்டும், நல்ல யோசனைதான் அது! வைரல் லோடு (ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு பார்க்கிற டெஸ்ட்) உடனே எடுக்கணும்.

---

பி.எச்.சி. டாக்டர்:

சிஸ்டர்கள் சொன்னதோட ஒத்துப்போறேன், ஒரு இடத்துல மட்டும் பிரேக் போடறேன். எச்.ஐ.வி.ங்கற ஒரே காரணத்துக்காக அனுப்பவும் வேண்டாம், சிசேரியனும் வேண்டாம். ஆனா 32லேருந்து 36 வாரத்துக்குள்ள எடுக்கிற வைரல் லோடு ரிசல்ட் கையில வர்ற வரைக்கும் "இங்கேயே பார்த்துடறேன்"னு வாக்குக் கொடுக்காதீங்க. இந்த மாத்திரைக் குழப்பம் வேற நடந்திருக்கு. அளவு அதிகமா இருந்தா குழந்தைக்கு ஒரு மருந்துக்கு ரெண்டு மருந்து தேவைப்படும், அதைப் பெரிய ஆஸ்பத்திரியில ஆரம்பிக்கிறதுதான் சரி. எச்.பி. (ஹீமோகுளோபின்) எவ்வளவு? அதையும் மறந்துடாதீங்க. இவளை எச்.ஐ.வி. கொல்றதைவிட, ரத்தசோகையோட பி.எச்.சி.ல ரத்தப்போக்கு ஆகி நின்னா அதுதான் ஆபத்து.

குழந்தைக்குத் தொற்று வராம தடுக்கிற நெவிரப்பைன் சிரப் பாட்டிலை முன்னாடியே வாங்கி வைங்க. பிறந்த உடனே கொடுக்கணும், அப்போ போய்த் தேட முடியாது.

---

ரெண்டு பிள்ளைங்க அம்மா:

நானும் மாத்திரை சாப்பிடறவதான். ரெண்டு பிள்ளைக்கும் நெகட்டிவ். ஒண்ணே ஒண்ணு சொல்றேன் சிஸ்டர். பிரசவம் முடிஞ்சதும் எங்க மாமியார் சேனை வைக்க சர்க்கரைத் தண்ணி கரைச்சு எடுத்துக்கிட்டு வந்தாங்க. முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான், கலந்து கொடுக்கக் கூடாதுன்னு மையத்துல சொல்லியிருந்தாங்க. வேண்டாம்னு நான் சொன்னா ஏன்னு கேப்பாங்க. அன்னிக்கு டியூட்டி நர்ஸம்மா, "கவர்மென்ட் ரூல், எந்தப் பிள்ளைக்கும் இங்க சேனை கிடையாது"ன்னு எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டாங்க. திட்டு வாங்கினது மாமியார், தப்பிச்சது நான். அந்தத் திட்டு திட்ட ஒரு ஆள் தேவை.

---

மலையடிவார நர்ஸ்:

இவ்வளவு நாள் கழிச்சு வந்து எழுதறேன், மன்னிக்கணும்.

மாத்திரை நேரத்தை மாத்தி, 36 வாரத்துல வைரல் லோடு எடுத்தோம். கண்டுபிடிக்க முடியாத அளவு. எச்.பி. 9.2 இருந்தது, அயர்ன் சுக்ரோஸ் ஏத்தி 10.4க்கு வந்தது. டாக்டர் சரின்னார். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எனக்குப் போட்டிருக்கு, ஆயாவுக்கு இல்ல. முதல் டோஸ் போட்டாச்சு. அவங்களுக்கு ஏப்ரன் மாட்டிவிட்ட முதல் நாள், "என்னம்மா, மீன் கடையா வைக்கப் போறோம்?"னு கேட்டாங்க. ரெண்டாவது வாரம் அவங்களே தேடி எடுத்து மாட்டிக்கிட்டாங்க.

லீவு போடறேன்னு சொன்ன சிஸ்டர் டியூட்டியிலதான் வலி வந்தது. போன் பண்ணாங்க, நான் ஓடினேன், அதுக்குள்ள அவங்களே பாதி பார்த்துட்டாங்க. தையலே தேவைப்படல. பெண் குழந்தை, 2.7 கிலோ. சிரப் கொடுத்துட்டுத்தான் எடை போட்டோம். சேனைக்குச் சத்தம் போட்டது நான். மாமியார் இன்னும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்லை.

செவ்வாய்க்கிழமையோட 6 வாரம் முடியுது. குழந்தைக்கு எச்.ஐ.வி. இருக்கான்னு பார்க்கிற டி.பி.எஸ். (ரத்தத் துளி டெஸ்ட்) எடுக்க நானும் கூடப் போறேன். ஏரிக்கரையில அவ ஏறுவா, நான் ஊர் ஸ்டாப்புலேயே ஏறிடுவேன். ரெண்டு சீட் தள்ளித்தான் உட்காரணும்னு இப்பவே சொல்லி வச்சிருக்கா.