வகுப்பில் பேச்சுவார்த்தைப் பயிற்சி: காவிரியா, ஃபராக்காவா?

வெண்ணாறு:
பிளஸ் டூ அரசியல் அறிவியல் பிள்ளைகளை இரு தரப்பாக உட்கார வைத்து ஆற்று நீர், எல்லைத் தகராறுகளைப் பேசித் தீர்க்கச் சொல்லும் பயிற்சிக்கு, தஞ்சை, திருவாரூர், நாகைப் பள்ளிகளில் காவிரியையே எடுக்கலாம் என்பது என் கட்சி. கணக்கு கையிலேயே இருக்கிறது. கர்நாடக எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் 192 டிஎம்சி என்றது நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. 40 பேர் வகுப்பென்றால் எட்டெட்டுப் பேராக ஐந்து மேசை: மூவர் தமிழ்நாடு, மூவர் கர்நாடகம், இருவர் பார்வையாளர். இரண்டு பீரியட் போதும்.

கடைமடை:
கர்நாடகமாக உட்காரப் போவது யார்? உட்கார்ந்தாலும் வில்லன் வேஷம்தான் கட்டுவான். குறுவை காய்ந்த வீட்டுப் பிள்ளையிடம் "பெங்களூருக்குக் குடிநீர் வேண்டும்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் மூன்றாம் நிமிடமே விட்டுக்கொடுத்துவிடுவான். எதிராளியின் நியாயத்தை அவன் வாயால் சொல்ல வைக்கத்தானே பயிற்சியே? நாகையில் கச்சத்தீவை எடுத்தாலும் இதே கதைதான். அதோடு, காவிரியில் பேச்சு முறிந்தால் மேலே நீதிமன்றம் இருக்கிறது. இரண்டு நாடுகளுக்கு நடுவே அப்படி ஒரு கதவைத் தட்டுவது அவ்வளவு சுலபமில்லை. "முறிந்தால் நம் கதி என்ன?" என்று கணக்குப் போடாத பிள்ளை பேச்சுவார்த்தையைக் கற்கவில்லை.

அரசலாறு:
கடைமடை சொல்வது சரி. ஃபராக்காவை எடுங்கள், வங்கதேச எல்லைக்குப் பக்கத்தில் மேற்கு வங்கத்தில் கங்கையின் குறுக்கே இருக்கும் நம் தடுப்பணை. இந்தியாவும் வங்கதேசமும் 1996 டிசம்பர் 12-ல் கையெழுத்திட்ட 30 ஆண்டு கங்கை ஒப்பந்தம். ஜனவரி 1 முதல் மே 31 வரை பத்து பத்து நாளாகக் கணக்கு. நீர்வரத்து விநாடிக்கு 70,000 கன அடி அல்லது அதற்குக் கீழே என்றால் பாதிக்குப் பாதி. 70,000 முதல் 75,000 வரை வங்கதேசத்துக்கு 35,000, மீதி நமக்கு. 75,000-க்கு மேல் நமக்கு 40,000, மீதி அவர்களுக்கு. மார்ச் 11 முதல் மே 10 வரை இன்னொரு விதி: பத்து நாளுக்கு ஒரு தரப்பாக மாறி மாறி 35,000 உறுதி. அதாவது நம்ம ஊர் முறைப்பாசனம்! டெல்டா பிள்ளைக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

செய்முறை: ஆறு அட்டைகளில் நீர்வரத்து எழுதுங்கள். 82,000, 72,000, 68,000, 60,000, 55,000, 48,000. ஒப்பந்தத்தைக் காட்டாமல் பிள்ளைகளையே விதி எழுத விடுங்கள். பிறகு அட்டையைப் புரட்டி அவர்கள் விதியைச் சோதியுங்கள். 55,000 வந்ததும் ஒருவருக்கு 35,000 போனால் மற்றவருக்கு 20,000தான் என்பது அப்போதுதான் உறைக்கும்.

கடைமடை:
ஆனால் மேசையில் இருவரும் சமமாக உட்கார்ந்திருக்கிறார்களே! ஷட்டர் மேல்மடைக்காரன் கையில் இருக்கிறது என்பது எங்கே தெரியும்?

அரசலாறு:
அட்டைக்கட்டை இந்தியத் தரப்பிடமே கொடுங்கள். அவர்கள் பார்த்துவிட்டு வாயால் சொல்லட்டும். உண்மை சொல்கிறார்களா என்ற சந்தேகம் பத்து நிமிடத்தில் கிளம்பும். அப்போது வங்கதேசத் தரப்பு "நாங்களும் அளக்க வேண்டும்" என்று கேட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நிஜ ஒப்பந்தமும் இரு நாட்டுக் கூட்டுக் குழு ஃபராக்காவிலும் வங்கதேசத்தின் ஹார்டிஞ்ச் பாலத்திலும் அளக்கும் என்றுதான் எழுதியது.

வெண்ணாறு:
ஃபராக்கா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டவே ஒரு பீரியட் போய்விடும். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது "சரி, ஆளுக்குப் பாதி" என்று முடித்துக்கொள்வார்கள். இதுதான் எல்லா மேசையிலும் நடக்கிற கோளாறு.

முக்கொம்பு:
அந்தக் கோளாறு சீட்டில் இருக்கிறது, ஆற்றில் இல்லை. இரு தரப்புக்கும் தண்ணீர் மட்டுமே வேண்டும் என்று எழுதினால் பாதிக்குப் பாதிதான் வரும். ஒருவருக்குக் கொல்கத்தா துறைமுகத்தில் வண்டல் கவலை, மற்றவருக்கு வங்கதேசத்தின் தென்மேற்கு மாவட்டங்களில் உப்பு ஏறும் கவலை என்று வேறு வேறு தேவை எழுதுங்கள். எந்த மாதம் யாருக்கு அதிகம் தேவை என்ற பேச்சு தானாக வரும். இந்தியத் தரப்பில் ஒருவரை மேற்கு வங்க முதல்வராக்குங்கள். 2011-ல் வங்கதேசத்தோடு தீஸ்தா ஆற்று நீர் ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் நின்றது மாநிலத்தின் எதிர்ப்பால்தான். சொந்தத் தரப்பைச் சமாளிப்பதும் பாடம். முடிவுக்கு மதிப்பெண் போடாதீர்கள், சீட்டை ஒருவருக்கொருவர் காட்டிவிடுவார்கள். எதிர்த்தரப்பின் தேவை என்ன என்று தனித்தனியாக அரைப் பக்கம் எழுதச் சொல்லி அதற்குப் போடுங்கள்.

கடைமடை:
தண்ணீரை மாதம் பார்த்து வகுக்கலாம். நிலத்தை?

முக்கொம்பு:
நிலத்துக்கு ஈக்வடார், பெரு. 1995-ல் சண்டை, 1998-ல் உடன்பாடு. டிவின்சா என்ற இடத்தில் ஒரு சதுர கிலோமீட்டர் ஈக்வடாருக்குச் சொத்தாகப் போனது. இறையாண்மை பெருவிடமே இருந்தது. பட்டா ஒருவர் பேரில், கொடி இன்னொருவருடையது. ஆனால் இதை இரண்டாம் வாரத்துக்கு வையுங்கள்.

வெண்ணாறு:
சரி, முதல் வாரம் ஃபராக்கா. காவிரியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறேன், விடுவதாக இல்லை.

கடைமடை:
தள்ளுங்கள். அந்த 48,000 அட்டையை மட்டும் கட்டின் அடியில் வையுங்கள். 50,000-க்குக் கீழே போனால் இரு அரசும் உடனே பேச வேண்டும் என்பதோடு நிஜ ஒப்பந்தம் நிறுத்திக்கொண்டது. பிள்ளைகள் அந்த இடத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க எனக்கும் ஆசை.