பிரான்சில் ஃபார்முலா 1 பார்க்கிறவங்க உதவி வேணும்

வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில இருந்து எழுதறேன். ஃபார்முலா 1 ஒளிபரப்பு சேனலுக்குச் சேனல் எப்படி மாறுதுன்னு ஒப்பிட்டுப் பார்த்துக்கிட்டு இருக்கேன். ரேஸ் படத்தை ஃபார்முலா 1 நிறுவனமே எடுத்து எல்லாருக்கும் கொடுக்குது. வர்ணனையும் முன்னும் பின்னும் வர்ற அலசலும்தான் வேற. பிரிட்டன் சேனலான ஸ்கை ஸ்போர்ட்ஸ்ல வர்ணனையாளர் மார்ட்டின் பிரண்டில், ரேஸ் தொடங்குறதுக்கு முன்னாடி கார்களுக்கு நடுவுல நடந்துபோய் ஓட்டுநர்களைப் பிடிச்சுப் பேசுவார். நம்ம சென்னை கருண் சந்தோக் அதே சேனல்ல, யார் எந்தத் திருப்பத்துல எப்படி நேரம் பிடிச்சாங்கன்னு திரையில காட்டி விளக்குவார். அது தனி ருசி!

பிரான்சோட கனால் பிளஸ் மட்டும் நான் பார்த்ததில்ல. நம்ம ஊர்க்காரங்க எத்தனையோ பேர் அங்கதானே இருக்கீங்க? அண்ணன், அக்கா யாராவது அடுத்த ரேஸ்ல கவனிச்சுச் சொல்லுங்க: டயர் விஷயத்தை எவ்வளவு விளக்குறாங்க, டீம் ரேடியோவை (ஓட்டுநரும் அணியும் ரேஸ் நடுவுல பேசிக்கிறதை) உடனே மொழிபெயர்க்கிறாங்களா, நடுவுல விளம்பரம் வருதா? குரல் பதிவா அனுப்பினாலும் சரி.