டிகிரி முடித்தபின் நர்சிங்: வெளிநாட்டில் இரண்டு வருடமா, இங்கே நாலு வருடமா, பணத்துக்கு என்ன வழி?

தேவர்சோலைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கூடலூர் பக்கம் தேவர்சோலை. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல் முடித்துவிட்டு, படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற ஒரு குழுவில் உதவியாளராக இருக்கிறேன். சம்பளம் கம்மிதான், ஆனால் நர்சிங் படிக்க வேண்டும் என்ற ஆசை இந்த வேலையில் சேர்ந்த பிறகுதான் வந்தது. போன வாரம் ஒரு பெரியவர், இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண். நான் அவரை ஒருக்களித்துப் பிடித்துக்கொள்ள, சிஸ்டர் புண்ணை சலைனில் கழுவி, நனைத்த காஸ் துணியை மெதுவாக உள்ளே வைத்துக் கட்டினார். உள்ளே சிவப்பாக சதை வளர்ந்தால் ஆறுகிறது என்று அர்த்தம், கறுத்துப் போயிருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு விளக்கிக்கொண்டே செய்தார். பிடித்துக்கொள்கிற ஆளாகவே இருந்துவிடக் கூடாது, அந்தக் கட்டை நானே கட்ட வேண்டும் என்று தோன்றுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வேறு டிகிரி முடித்தவர்கள் இரண்டே வருடத்தில் நர்ஸ் ஆகிற மாஸ்டர்ஸ் படிப்பு இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தபோது, "நிலத்தை வைத்து லோன் போட்டுக்கலாம், அங்கே பார்ட் டைம் வேலை பார்த்தே ஃபீஸ் கட்டிடலாம்" என்றார்கள். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் தேயிலை இருக்கிறது, ஆனால் அது பிரிவு 17 நிலம், அதாவது உரிமை இன்னும் முடிவாகாத பழைய ஜென்மம் எஸ்டேட் நிலம், பட்டா கிடையாது. பச்சைத் தேயிலை விலை எப்படி என்று உங்களுக்கே தெரியும். இதில் எது நடக்கிற காரியம்? விண்ணப்பிக்க முதலில் என்ன செய்ய வேண்டும்? இங்கேயே நாலு வருடம் படிப்பதுதான் புத்திசாலித்தனமா? வயது 24.

கோத்தகிரி_சிஸ்டர்:

தங்கச்சி, நான் கோத்தகிரி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு நீ சொல்கிற இரண்டு வருடப் படிப்பைத்தான் இங்கிலாந்தில் படித்தேன், இப்போது அங்கேயே வார்டில் வேலை. அதனால் முதலில் அந்த பார்ட் டைம் கதைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நம்பாதே. இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய 4,600 மணி நேரப் படிப்பு வேண்டும், அதில் பாதி, அதாவது 2,300 மணி நேரம், பயிற்சி. மாஸ்டர்ஸுக்கு வருகிறவர்களுக்கு முன்பு படித்ததையும் செய்த வேலையையும் கணக்கில் எடுத்து ஒரு பகுதியைக் கழித்துத்தான் இரண்டு வருடத்துக்குள் அடக்குகிறார்கள். மிச்சமிருப்பதே கழுத்தை நெரிக்கும். வார்டில் பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட், சனி ஞாயிறு என்று எல்லாம் வரும், அதற்குச் சம்பளம் கிடையாது. மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வெளி வேலை பார்க்கலாம், பயிற்சி நடக்கிற வாரங்களில் அதுகூட முடியாது. அரிசி பருப்பு, பஸ் செலவுக்கு ஆகும், ஃபீஸுக்கு ஆகாது. நர்சிங் மாணவர்களுக்கு அரசு வருடத்துக்கு 5,000 பவுண்ட் கொடுக்கிறது என்று இணையத்தில் படித்திருப்பாய், அது உள்நாட்டு மாணவர்களுக்கு. நமக்கில்லை.

செலவு: வெளிநாட்டு மாணவர்களுக்கு வருடத்துக்கு 15,000 பவுண்டுக்குக் கீழே பார்ப்பது அபூர்வம், 20,000 தாண்டுகிற இடங்களும் உண்டு. அப்புறம் விசாவுக்கு முன்பே, அங்கே அரசு மருத்துவ சேவையைப் பயன்படுத்துவதற்கான கட்டணமாக வருடத்துக்கு 776 பவுண்ட். ஒன்பது மாதச் செலவுக்கான பணம் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும், லண்டனுக்கு வெளியே என்றாலும் அதுவே 10,000 பவுண்டுக்கு மேல். எல்லாம் கூட்டினால் நம் காசில் 50 லட்சத்தை ஒட்டி வரும் என்று வைத்துக்கொள்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உன்னிடம் இருக்கிற பெரிய பலம் நீ இப்போது பார்க்கிற வேலை. பல பல்கலைக்கழகங்கள் நோயாளிகளைப் பராமரித்த அனுபவத்தை மணிக்கணக்கில் கேட்கின்றன, அதைப் பதிவு பெற்ற நர்ஸோ டாக்டரோ கையெழுத்துப் போட்டு உறுதி செய்ய வேண்டும். இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி எந்த நாள், எத்தனை மணி, என்ன செய்தாய் என்று எழுதி உங்கள் சிஸ்டரிடம் கையெழுத்து வாங்கி வை. அந்தப் படுக்கைப் புண் விஷயத்தை எங்களுக்கு எழுதினாயே, உன்னைப் பற்றி எழுதச் சொல்லும் கட்டுரையில் அதையே எழுது, "சிறு வயதிலிருந்தே சேவை மனப்பான்மை" என்று ஆரம்பிக்காதே. விண்ணப்பிக்கும்போதே பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்று நாலில் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எனவே அதையும் யோசித்து வை. எல்லாப் பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டு மாணவர்களை இந்தப் படிப்பில் சேர்ப்பதில்லை, சேர்க்கைப் பிரிவுக்கு நேரடியாக மெயில் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கட்டணம் எதையும் கட்ட வேண்டும். ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணை முடிய ஆறு மாதம் ஆகும், அதையும் இப்போதே ஆரம்பி, எங்கே படித்தாலும் கேட்பார்கள்.

ஆஸ்திரேலியாவில் பயிற்சி குறைந்தபட்சம் 800 மணி நேரம், இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்க்க அனுமதி. மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஆனால் ஃபீஸும் விசாக் கட்டணமும் இங்கிலாந்துக்குச் சளைத்ததில்லை, சில இடங்களில் உடற்கூறியல் பாடம் படித்திருக்க வேண்டும் என்பார்கள். உன் விலங்கியல் மார்க் ஷீட்டோடு பாடத்திட்டத்தையும் கல்லூரியில் முத்திரை வைத்து வாங்கி வை.

குன்னூர்_ஓய்வு:

வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிரிவு 17 நிலத்தை வைத்துக் கடன் போடலாம் என்று சொன்னவர்களுக்குக் கூடலூரைத் தெரியாது. 1969-ம் வருட ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் வருகிற அந்த நிலத்துக்குப் பட்டா இல்லாதவரை எந்த வக்கீலும் வங்கிக்கு நல்ல கருத்து எழுதித் தரமாட்டார். பட்டா இருந்தாலும் இன்னொரு தடை உண்டு. கடன் கட்டாவிட்டால் ஈட்டுச் சொத்தை நீதிமன்றம் போகாமலே எடுத்துக்கொள்ள வழி செய்வது சர்ஃபேசி சட்டம்; விவசாய நிலத்தை அதன் கீழ் வங்கி கையகப்படுத்த முடியாது, அதனால் கல்விக் கடனுக்குத் தேயிலைத் தோட்டத்தை ஈடாக எடுத்துக்கொள்ளப் பெரும்பாலும் தயங்குவார்கள். பட்டாவும் கட்டட அனுமதியும் உள்ள வீடு, வைப்புத் தொகை, எல்ஐசி பாலிசி, இவைதான் ஈடாகச் செல்லும். நீலகிரியில் அனுமதி வரைபடம் இல்லாத வீடுகள் எத்தனை என்பது நமக்குத் தெரிந்ததுதான், ஆகவே சொந்தக்காரர் யாராவது வீடு தருகிறேன் என்றாலும் முதலில் அந்தக் காகிதத்தைப் பாருங்கள்.

பொதுத்துறை வங்கிகளின் மாதிரித் திட்டம் இதுதான். 4 லட்சம் வரை ஈடு வேண்டாம், அதற்கு மேல் 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கலாம், அதற்கு மேலே போனால் சொத்து ஈடு. வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் உங்கள் கையிலிருந்து போட வேண்டும். 50 லட்சம் என்றால் ஏழரை லட்சம் உங்கள் பங்கு, அதைக் கந்துவட்டிக்கு வாங்கினால் குடும்பம் எழுந்திருக்க முடியாது அம்மா. ஈடில்லாமல் தருகிற தனியார் நிதி நிறுவனங்கள் உண்டு, வட்டி அதிகம், சேர்ந்து கையெழுத்துப் போடுகிறவரின் மாத வருமானத்தைப் பார்ப்பார்கள். தேயிலை வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு கிடையாது என்பதால் அங்கேயும் சிக்கல்.

எஸ்சி, எஸ்டி குடும்பமாக இருந்தால் மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகையையும் மத்திய அரசின் அயல்நாட்டுப் படிப்பு உதவித்தொகையையும் கடனுக்கு முன்பே பாருங்கள். கடனாகத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

படுகு_தோட்டம்:

நான் பி.எஸ்சி. தாவரவியல் முடித்து, பிறகு பி.எஸ்சி. நர்சிங் படித்தவள், இப்போது கோவையில் ஐசியூவில் இருக்கிறேன். டிகிரி முடித்தவள் மறுபடி பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு உட்கார வேண்டுமா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். உட்கார்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. நம் ஊரில் டிகிரிக்காரர்களுக்கு என்று தனியாகக் குறுகிய படிப்பு கிடையாது, போஸ்ட் பேசிக் என்பது ஏற்கெனவே டிப்ளமோ நர்சிங் முடித்தவர்களுக்கு, அதைக் காட்டி யாராவது பணம் கேட்டால் ஏமாறாதே.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால் போதும். டிகிரி மார்க்கைப் பார்க்கமாட்டார்கள், பிளஸ் டூ மார்க் வைத்துத்தான் ரேங்க். கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு துணை மருத்துவப் படிப்புகளோடு சேர்த்து ஆன்லைனில் விண்ணப்பம் கேட்கும், அந்த வருடத் தகவல் தொகுப்பில் வயது விதியைப் படித்துப் பார். சென்னை, மதுரை, சேலம், தேனி மாதிரி அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் ஃபீஸ் ஆயிரக்கணக்கில்தான், லட்சத்தில் இல்லை. கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீடு. அங்கே சேரும் முன் ஃபீஸோடு ஹாஸ்டல், மெஸ், யூனிபார்ம், பயிற்சிக்குப் போகும் பஸ் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்கு, வருடா வருடம் ஏறுமா என்றும் கேள். சார் சொன்ன ஈடில்லாத கடனுக்குள் நாலு வருடத்தையும் முடித்துவிடலாம்.

வெளிநாடு அப்புறமும் போகலாம். இங்கே படித்த நர்ஸ் இங்கிலாந்துக்குப் போக ஆங்கிலத் தேர்வு தனி, மற்றபடி விண்ணப்பம், கணினித் தேர்வு, அங்கே நடக்கும் செய்முறைத் தேர்வு, பதிவு எல்லாம் சேர்த்தே 1,200 பவுண்டுக்குள். 50 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பார்.

ஊட்டி_டு_ஸ்டுட்கார்ட்:

ஜெர்மனியையும் சொல்லிவிடுகிறேன். அங்கே மூன்று வருட நர்சிங் பயிற்சிக்கு ஃபீஸ் கிடையாது, முதல் மாதத்திலிருந்தே உதவித்தொகை வரும், பொது மருத்துவமனைகளில் பிடித்தம் போவதற்கு முன் 1,300 யூரோவுக்கு மேல். ஆனால் ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வு, பல இடங்களில் அதற்கு அடுத்த பி2 வரை முடித்திருக்க வேண்டும். அதற்கு ஒரு வருடம் உட்கார்ந்து படிக்கத் தயாராக இருந்தால் நிலமும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம்.

தேவர்சோலைக்காரி:

அக்கா, சார், எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். நிலத்தைப் பற்றி சார் சொன்னதைக் கேட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு கடன் ஏழு லட்சத்துக்குள் என்றால் நானும் சேர்ந்து கட்டுகிறேன் என்றார். பிளஸ் டூவில் பயாலஜி குரூப்தான், மார்க்கும் மோசமில்லை. இந்த வருடம் கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்கிறேன், நோட்டு ஆரம்பித்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: டிகிரிக்கு வாங்கிய கடனில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அது இருந்தால் புதுக் கடன் தரமாட்டார்களா?

குன்னூர்_ஓய்வு:

தவணை தவறாமல் கட்டியிருந்தால் தருவார்கள், தவறியிருந்தால்தான் பிரச்சினை. முடிந்தால் பாக்கியை முடித்து, கடன் தீர்ந்ததற்கான சான்று வாங்கிக்கொண்டு அதே கிளைக்குப் போங்கள். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள், அதில் போட்ட விண்ணப்பத்தை நிராகரித்தால் கிளை காரணத்தைப் பதிய வேண்டும். அப்பாவின் வருமானச் சான்றிதழைக் கவுன்சலிங்குக்கு முன்பே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள், ஜூன் மாதத்தில் அங்கே நிற்க இடம் இருக்காது.