2 லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஸ்விஃப்ட் டீசலுக்கு எந்த ஆயில்?

வணக்கம் நண்பர்களே. மதுரையில் 2010 மாடல் ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறேன். 1.3 லிட்டர், டர்போ. ஓடியது 2,10,000-க்கு மேல். அப்பா ஆசையாக வாங்கிய வண்டி, விற்க மனசில்லை.

எஞ்சின் ஆயில் இதுவரை 5டபிள்யூ-30 சிந்தெட்டிக்தான் (செயற்கையாகத் தயாரித்தது). இப்போது அடுத்த சர்வீஸ் வருவதற்குள் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) அளவு கொஞ்சம் இறங்குகிறது. ஒழுகல் இல்லை, ஆயில் எரிந்தால் வரும் நீலப் புகையும் இல்லை. இந்த வயதுக்கு இது இயல்புதான். மெக்கானிக் அண்ணன் 15டபிள்யூ-40 மினரல் (கச்சா எண்ணெயிலிருந்து நேரடியாகச் சுத்திகரித்தது) போடச் சொல்கிறார்.

எனக்குத் தயக்கம். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு; பின்னால் உள்ளது சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. மதுரை வெயிலில் முன் எண் பெரிய விஷயமில்லை. ஆனால் டர்போ சூட்டை மினரல் ஆயில் சிந்தெட்டிக் அளவுக்குத் தாங்காதே! டைமிங் செயினை இறுக்கமாக வைக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. அதனால் 5டபிள்யூ-40 சிந்தெட்டிக் பக்கமே மனசு போகிறது.

இதே எஞ்சின்தான் ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ டீசல் கார்களிலும். 2 லட்சம் தாண்டி ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்: 30-லிருந்து 40-க்கு மாறியதும் ஆயில் குறைவது நின்றதா? மைலேஜ் அடி வாங்கியதா? எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்? இந்த வாரமே மாற்ற வேண்டும்.