கையளிச்சது வேற, கைவிட்டது வேற

வணக்கம். நான் குடும்ப வழக்குப் பேசுற ஒரு பொம்பிளை லோயர், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எண்டு மூண்டு கோட்ஸிலயும் மாறி மாறி நிக்கிறனான். டிவோஸ் எண்டு கோட்ஸ் படி ஏறின ஆக்கள், ஏறுவமோ எண்டு யோசிக்கிற ஆக்கள், உங்கட அனுபவத்தை இதில எழுதுங்கோ. ஆக்களின்ர பேர் அடையாளம் எல்லாம் மாத்தித்தான் நான் எழுதுறன், நீங்களும் அப்பிடியே எழுதுங்கோ.

என்ர மனசில நிண்டு போகாத ஒரு அம்மா இருக்கிறா. அம்பது வயசு மட்டில வரும். மகளுக்குக் கலியாணம் பேசிப்போட்டு, சீதனமா தன்ர காணியில ஒரு ஏக்கரை எழுதிக் குடுப்பமெண்டு நொத்தாரிசிட்டப் போக, புருசன்ர கையெழுத்து வேணும் எண்டு திருப்பி அனுப்பியிருக்கினம். காணி தாய் தேப்பன் குடுத்தது, உறுதி அவவின்ர பேரில, வெட்டித் திருத்தி கிணறு கிண்டினதும் அவதான், ஆனா வடக்குத் தமிழருக்கான தேசவழமைச் சட்டத்துக்குக் கீழ கலியாணம் கட்டின பொம்பிளை தன்ர காணி பூமியை விக்கிறதெண்டாலும் நன்கொடையாக் குடுக்கிறதெண்டாலும் புருசன் எழுத்தில சம்மதம் தரோணும், 1911ஆம் ஆண்டுச் சட்டம் அண்டைக்கு அப்பிடித்தான் கேட்டது. அவரை எங்க போய்த் தேடுறது? 2009 மே மாதம், சண்டை முடியிற நேரம், வட்டுவாகலில ஆமியிட்டக் கையளிச்சது, அதுக்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம், டிவோஸ் எடுத்தால் இந்தக் கையெழுத்துக் கரைச்சலே இல்லையெண்டு. அதுதான் என்னட்ட வந்தவா.

எங்கட நாட்டில டிவோஸுக்கு 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுச் சட்டத்தில இருக்கிற காரணம் மூண்டே மூண்டுதான். கலியாணத்துக்குப் பிறகு வேறொராளோட தொடர்பு வைச்சது, வேணுமெண்டே கைவிட்டுப் போனது, கட்டேக்கையே இருந்த மாத்தேலாத தாம்பத்தியக் குறைபாடு. ரெண்டு பேரும் விரும்பிப் பிரியிறம் எண்டு அதில இல்லை, ஆரிலயாவது ஒராளில பிழை சொல்லியே ஆகோணும். அப்ப இவவுக்கு நான் எதை எழுதுறது, வேணுமெண்டு கைவிட்டுப் போனார் எண்டதைத் தவிர வேற வழி இல்லை. எழுதிப்போட்டு வாசிச்சுக் காட்டினன். அவ கொஞ்ச நேரம் பேசேல்லை. பிறகு சொன்னா:

"பிள்ளை, அவர் என்னை விட்டிட்டுப் போகேல்லை. விசாரிச்சுப்போட்டு விடுவினம் எண்டு சொன்னதை நம்பி நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய்க் கையளிச்சனான். கைவிட்டதெண்டு எழுதத்தான் வேணுமெண்டால் என்ர பேரை எழுதும்."

அந்த மனுவை அதிலயே கிழிச்சுப் போட்டன். இவ்வளவு வருசம் இந்தத் தொழிலில நிண்டும் "கைவிட்டது" எண்ட சொல்லை ஒரு படிவத்தில வாற சொல்லாத்தான் நான் பாத்திருக்கிறன் எண்டது எனக்கு அண்டைக்குத்தான் விளங்கினது.

காணாமல் போனவைக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில மரணச் சான்றிதழ் எடுக்க வழி இருந்தது, காணிப் பிரச்சினையும் முடிஞ்சிருக்கும். ஆனா 2017 பெப்ரவரி 20 தொடக்கம் காணாமல் ஆக்கப்பட்ட தங்கட ஆக்களைக் கேட்டுக் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில போராட்டமாக் குந்தியிருந்த சனத்தில அவவும் ஒராள், செத்திட்டார் எண்டு கையெழுத்து வையுங்கோ அம்மா எண்டு நான் எந்த வாயால கேக்கிறது? அதே சட்டத்தை 2016இல திருத்தி, செத்ததெண்டு சொல்லாமல் காணாமல் போனவர் எண்டு மட்டும் சொல்லுற ஒரு சான்றிதழையும் கொண்டு வந்தவை. அதை எடுக்க அவவுக்கு மனம் ஒப்பினது. பிறகு அந்த 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலயே ஒரு கதவு இருக்கு, புருசன் எங்க எண்டு தெரியாட்டில் அவற்ர சம்மதம் இல்லாமலே எழுத மாவட்ட நீதிமன்றம் அனுமதி குடுக்கலாம். ஜீ.எஸ் (கிராம சேவையாளர்) கடிதம், பழைய முறைப்பாட்டுத் துண்டுகள் எல்லாம் சேத்துப் போட்டம். கணவர் எங்கே எண்டு நீதிபதி ஐயா கேக்க, "தெரியாது ஐயா, கையளிச்சனான்" எண்டா. அது அப்பிடியே பதிவில ஏறினது. அனுமதி கிடைச்சு, உறுதியும் எழுதி, மகளின்ர கலியாணமும் முடிஞ்சுது. டிவோஸ் கேஸ் போடவே இல்லை.

ஒட்டுசுட்டான் தம்பி:
அக்கா வாசிச்சு அழுதிட்டன். எங்கட வீட்டில வேற கதை, மூத்த அக்காவுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை, எழுத்து (கலியாணப் பதிவு) முடிச்சு மூண்டு கிழமையில போனவர், ஸ்பொன்சர் வரும் வரும் எண்டு ஆறு வருசம், கடைசியில போனும் எடுக்கேல்லை. சனம் என்ன சொன்னதெண்டால், தாலி கட்டேல்லைத்தானே, எழுத்துத்தானே, தானா அறுந்து போகுமெண்டு. அறாது எண்டு லோயர் சொன்னாப் பிறகுதான் கேஸ் போட்டது. அழைப்பாணை அங்க போய்ச் சேரவே எத்தினை தவணை. முதல் தீர்ப்பு வந்த கையோட அம்மா அடுத்த கலியாணத்துக்கு நாள் பாக்க வெளிக்கிட்டா, லோயர்தான் மறிச்சவர், மூண்டு மாதம் கழிஞ்சு முடிவான தீர்ப்பு வந்தால்தான் டிவோஸ், அதுக்குள்ள கட்டினால் அந்தக் கலியாணம் செல்லாது எண்டு.

மல்லாவி:
நான் எழுதுறது முதல்தரம், பிழை இருந்தால் குறை நினைக்காதேங்கோ. 2008இல எனக்குப் பதினேழு வயசு. இயக்கம் (புலிகள்) வீட்டுக்கு வீடு பிள்ளையளைப் பிடிச்ச நேரம், கலியாணம் கட்டினால் எடுக்கமாட்டினம் எண்டு அப்பா அவசரமா ஒரு பெடியனுக்கு என்னைக் கட்டி வைச்சார். மஞ்சள் கயிறுதான், எழுத்து இல்லை. அப்பாவில எனக்குக் கோவமில்லை, அண்டைக்கு அவருக்கு வேற ஒண்டும் தெரியேல்லை. முகாமில மகன் பிறந்தவன். பிறகு அவர் வவுனியாவில ஒராளை எழுத்து முடிச்சுக்கொண்டு இருக்கிறார். போய்க் கேட்டதுக்கு, உனக்கும் எனக்கும் கலியாணமே நடக்கேல்லை எண்டிட்டார். மகனுக்குப் படிப்புச் செலவு கேக்க எனக்கு உரிமை இருக்கோ, முதல் டிவோஸ் எடுக்கோணுமோ?

நான் (லோயர்):
தங்கச்சி, நீங்கள் டிவோஸ் எடுக்கத் தேவையில்லை. 1995இல இருந்து கலியாண வயசு பதினெட்டு, எழுத்தும் இல்லை, முறிக்கிறதுக்குக் கோட்ஸில ஒண்டும் இல்லை. அந்தாள் அதைச் சொல்லி உங்களை வாயடைக்கப் பாத்திருக்கிறார். ஆனா மகன்ர கதை வேற. 1999ஆம் ஆண்டுத் தாபரிப்புச் சட்டத்தில, தாய் தேப்பன் கட்டாமல் பிறந்த பிள்ளைக்கும் தேப்பன் காசு குடுக்கோணும். நீதவான் நீதிமன்றத்தில போடலாம். சட்ட உதவி ஆணைக்குழுவில கேட்டால் லோயர் காசில்லாமல் தருவினம், அதுக்கும் வெக்கப்படாதேங்கோ. வரேக்கை மகன்ர பிறப்புச் சான்றிதழ், அதில தேப்பன் பேர் போட்டிருக்கோ இல்லையோ பரவாயில்லை, பள்ளிக்கூடக் கடிதம், முகாமில குடும்பமாப் பதிஞ்ச அட்டை இருந்தால் அதையும் கொண்டு வாங்கோ. அந்த அட்டையை எறிஞ்சிருக்க மாட்டீங்கள் எண்டு நினைக்கிறன்.

மல்லாவி:
எறியேல்லை அக்கா. சுவாமிப் படத்துக்குப் பின்னால வைச்சிருக்கிறன். அதில மூண்டு பேரின்ர பேரும் இருக்கு.