அப்டேட்: செடான்ல சஸ்பென்ஷன் சத்தம், கியர் உதறல் ரெண்டுக்கும் காரணம் தெரிஞ்சிருச்சு

போன தடவை எழுதியிருந்தேன்ல, வாரண்டி கூட முடியாத வண்டி, ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்குனா முன்னாடி இடது பக்கம் டக் டக்னு சத்தம், டிராஃபிக்ல ஊர்ந்தா ஒண்ணு ரெண்டு கியர்ல உதறல்னு.

சத்தம் ஷாக் அப்சார்பர் இல்லங்க, ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவுல வண்டி சாயாம பிடிக்கிற கம்பியை சஸ்பென்ஷனோட இணைக்கிற சின்ன ராடு). சர்வீஸ்ல முதல்ல "நார்மல்தான் சார்"னு அனுப்பப் பாத்தாங்க, நான் விடல, சூப்பர்வைசரை பக்கத்துல உக்கார வச்சு மோசமான ரோட்டுலயே ஓட்டிக் காட்டுனேன், அப்புறம் லிஃப்ட்ல ஏத்தி கையால ஆட்டுனா பால் ஜாயின்ட் லொடலொடன்னு ஆடுது, அதை மூடியிருக்க ரப்பர் உறை (பூட்) கிழிஞ்சு கிரீஸ் முழுக்க மண்ணு. ரெண்டு பக்கமும் வாரண்டில மாத்திட்டாங்க.

உதறலுக்கு வருவோம், கியர்பாக்ஸ் டிரை கிளட்ச் டிசிடி, அதாவது ரெண்டு கிளட்ச் வச்சு தானா கியர் மாத்துற ஆட்டோமேட்டிக். கிளட்ச்சை குளிர வைக்க இதுல ஆயில் கிடையாது, காத்து மட்டும்தான், அதனால பிரேக்கை லேசா விட்டு விட்டு ஊர்ந்தா கிளட்ச் பாதி பிடிச்சபடியே உரசி சூடாகும். சாஃப்ட்வேர் ரீசெட் பண்ணாங்க, கொஞ்ச நாள்ல மறுபடி உதறல், கடைசில கிளட்ச் செட்டையே மாத்துனப்புறம்தான் நிம்மதி.

இதே தொல்லை இருக்கவங்க ஜாப் கார்டுல (சர்வீஸ்ல வண்டியை விடும்போது போடுற வேலைச் சீட்டு) நீங்க சொல்ற கம்ப்ளைன்ட்டை அப்படியே எழுதச் சொல்லி காப்பி வாங்கிக்கோங்க, வாரண்டி முடியுறதுக்குள்ள அது பதிவாகியிருக்கணும். எனக்கு இப்ப வீல் அலைன்மென்ட் மட்டும் பாக்கி.